ஒன்பது விநாடிப் பெண்

கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோட்டக்கா என்றால்தான் தெரியும். கோடு போடுகிற அக்கா என்பது நாளடைவில் அப்படிச் சுருங்கிவிட்டது. அவளைவிட இருபது வயது மூத்த முதலாளிகூட அப்படித்தான் கூப்பிட்டார். முதலில் கொஞ்சம் நெளிந்தாள், பிறகு பழகிப்போயிற்று. அக்கா என்று கூப்பிட வேண்டியவள் கூப்பிடாமல் போன பிறகு வேறு யார் கூப்பிட்டால் என்ன என்றும் இருந்தது.

அப்படிப் போனவள் அவளுடைய தங்கை. ஏழு வயது இளையவள். அம்மா கண்ணை மூடியபோது சின்னவளுக்கு நாலு வயது. தலை வாரியது, நகம் வெட்டியது, பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் விட்டது, காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டது எல்லாம் பெரியவள்தான். அப்பா தையற்காரர். முன்னறையில் தெருக்கதவைப் பார்த்தபடி மெஷினைப் போட்டிருந்தார். அவர் கண்ணில் படாமல் ஓர் ஈகூட வெளியே போக முடியாது. கோபக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நாள் முழுக்க வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டிருக்கும் மனுஷன் எத்தனை வார்த்தை பேசுவார்? பேசுகிற நாலு வார்த்தைக்கும் அப்பீல் கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தரை. சின்னவள் அங்கேதான் கயிறு தாண்டுவாள். நாக்கு நுனியை உதட்டோரத்தில் கடித்திருப்பாள். ஒரு காலுறை நேராக நிற்கும், மற்றது கணுக்காலில் சரிந்து கிடக்கும். எத்தனை தடவை இழுத்துவிட்டாலும் அது தன் குணத்தை விடாது. அவள் தாண்டத் தாண்ட அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே எண்ண வேண்டும். நடுவில் எண்ணிக்கை பிசகினால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். அக்கா வேண்டுமென்றே சில நாள் பிசகுவாள்.

இருபது வயதில் சின்னவள் ஒருவனை விரும்பினாள். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து முறையாகத்தான் பெண் கேட்டான். அப்பா மெஷினை நிறுத்தாமலே, அவர்கள் ஆட்கள் வேறு, நம் ஆட்கள் வேறு என்றார். வந்தவன் காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனான். உட்காரு என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவாயிற்று. சாட்சிக் கையெழுத்துக்கு மூன்று பேர் வேண்டும். அவன் பக்கம் இரண்டு பேர் தயார். துணி காயப்போடும்போது சின்னவள் அக்காவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"நம்ம பக்கத்துல ஒருத்தர்கூட இல்லன்னு இருக்கக் கூடாதுக்கா. நீ வந்து ஒரு கையெழுத்துப் போடு. அது போதும் எனக்கு."

"வரேன்டி," என்றாள் அக்கா. பதினோரு மணிக்கு வர வேண்டும்.

கல்யாணத்தன்று காலை அவள் செருப்பை மாட்டும்போது அப்பா மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தார். அதுவே புதிது. "வேலைக்குத்தானே?" என்று கேட்டார். "ஆமாம்பா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாய்க்குக் கால் கட்டுப்பட்டுவிட்டது. வேலைக்கே போனாள். அப்போது அவள் விளம்பரப் படங்களுக்கு எழுத்தும் சின்னச் சின்ன அசையும் படங்களும் வரைகிற இடத்தில் இருந்தாள். அன்றைக்கு ஒரு பற்பசை டியூப் குதித்துக் குதித்து நடந்து வர வேண்டும். நாற்பத்தெட்டுப் படம். பதினொன்று ஆயிற்று. டியூப்பின் இடது காலை வரைந்தாள். பன்னிரண்டு ஆயிற்று. வலது காலை வரைந்தாள். தலை நிமிர்ந்தால் கடிகாரம் தெரியும் என்று நிமிரவே இல்லை.

அடுத்த வாரம் சின்னவள் புருஷனோடு கடல் தாண்டிப் போய்விட்டாள். சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. தபால்காரர் கையிலேயே அப்பா அதைத் திருப்பிக் கொடுத்து, "வேணாம்னு எழுதி அனுப்பிடுங்க" என்றார். பெரியவள் அடுக்களைக் கதவருகே நின்று பார்த்தது தபால்தலையை மட்டும். அதிலிருந்த நாட்டின் பெயரைப் படிக்க முடிந்தது. தங்கையைப் பற்றி அவளிடம் மிஞ்சிய விலாசம் அவ்வளவுதான்.

அந்த வருஷம்தான் முதலாளி வீடியோ கம்பெனி தொடங்கினார். அதற்கு முன் தியேட்டர்களுக்கு இடைவேளை ஸ்லைடு போடுகிற தொழில் அவருக்கு. வீடு வீடாக வீடியோ வந்துவிடும், ஜனங்கள் படுத்துக்கொண்டே படம் பார்ப்பார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிப் பழைய படங்களின் உரிமையை வாங்கி கேசட்டாகப் போட ஆரம்பித்தார். கேசட் ஓடத் தொடங்கியதும் முதலில் கம்பெனி லோகோ வர வேண்டும். அசைய வேண்டும். பார்க்கிறவன் நிமிர்ந்து உட்கார வேண்டும். அதற்காக அவளை வேலைக்கு எடுத்தார்.

ஒரு குதிரை பாய்ந்து வந்து கர்ஜிக்கட்டும் என்றார்.

குதிரை கர்ஜிக்காது என்றாள் அவள். அப்படியானால் கனைக்கட்டும் என்றார். குதிரைக்கு நாலு கால், நாலும் நாலு விதமாக ஓடும், இரண்டு மாதம் ஆகும் என்றாள். முதலாளி யோசித்தார். கால் குறைந்த பிராணி எதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் வெறும் தாளில் பென்சில் அலைந்துகொண்டிருந்தது. வேண்டுமென்று எதையும் வரையவில்லை. ஒரு வளைவு வந்தது. வளைவுக்குக் கீழே இரண்டு கால் வந்தன. ஒரு காலில் காலுறை சரிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தான் யாரை வரைகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எடுத்து நாக்கு நுனியையும் போட்டாள்.

பன்னிரண்டு படம். கயிறு மேலே போய் முன்னே இறங்கிக் காலடியில் தரையைத் தட்டிப் பின்னால் ஏறுவதற்குப் பன்னிரண்டு போதும். அவற்றையே மறுபடி மறுபடி படம் பிடித்தால் அவள் தாண்டிக்கொண்டே இருப்பாள். ஆறு விநாடி தாண்டுவாள். பிறகு கயிறு வேகமெடுத்து ஒரே ஒளி வளையமாகிவிடும். வளையத்துக்குள் கம்பெனிப் பெயர் எழும். மொத்தம் ஒன்பது விநாடி. கண்ணாடி மாதிரி ஊடே தெரிகிற பிளாஸ்டிக் தாள்களில் மையால் வரைந்து பின்பக்கம் வண்ணம் பூசினாள். கேமராக்காரர் தாள் தாளாக வைத்து நாலு நாள் படம் பிடித்தார். முதல் நாளே, இந்தப் பெண் யார், எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறாளே என்று கேட்டார். எல்லாப் பிள்ளைகளும் இந்த வயதில் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சொல்லிவிட்டாள்.

சத்தத்துக்குத்தான் பெரும்பாடு. ஒலிப்பதிவுக்காரர் ஒரு குச்சியால் மேஜையைத் தட்டிப் பார்த்தார். துடைப்பத்தால் தரையை அடித்துப் பார்த்தார். கல்யாண வீட்டில் பாய் உதறுகிற மாதிரி இருந்தது. கடைசியில் அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மைக்குக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் தானே கயிறு தாண்டினாள். இருபத்தேழு வயதில், கதவைச் சாத்திக்கொண்டு. நாலாவது தடவை சரியாக வந்தது. ஆனால் கயிறு தட்டுகிற சத்தத்தோடு அவளுக்கு மூச்சு வாங்குவதும் கேட்டது. அழித்துவிடலாம் என்றார் ஒலிப்பதிவுக்காரர். முதலாளி கேட்டுவிட்டு, "இருக்கட்டுமே, உயிரோட இருக்கு" என்றார். இருந்துவிட்டது.

கேசட் பிரதி எடுக்கிற அறை கட்டடத்தின் பின்பக்கம். அலமாரி அலமாரியாக நாற்பது ரெக்கார்டர்கள். அறை அடுப்பங்கரை மாதிரி கொதிக்கும். மூலக் கேசட் ஓடுவதைப் பார்க்க ஒரே ஒரு டிவி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அங்கே போய் நிற்பாள். புதுப் பிரதி தொடங்கும்போதெல்லாம் சின்னவள் வந்து ஒன்பது விநாடி தாண்டிவிட்டுப் போவாள். பிரதி எடுக்கிற ஆள், இதில் அப்படி என்ன இருக்கிறது அக்கா, தினம் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். கோடு நடுங்குகிறதா என்று பார்க்கிறேன் என்றாள்.

சொன்னது முழுப் பொய்யும் இல்லை. கேசட்டில் படம் போட்டால் என்னென்ன கெடும் என்பதை அவள் அந்த டிவியில்தான் கற்றுக்கொண்டாள். சிவப்பு கசியும். பெண்ணின் தலையில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன் காயம் பட்ட மாதிரி காது வரை வழிந்தது. அதை மஞ்சளாக்கினாள். டிவிப் பெட்டியின் விளிம்பு படத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். கயிறு உச்சிக்குப் போகும்போது காணாமல் போயிற்று. பெண்ணைச் சின்னதாக்கிக் கயிற்றை உள்ளே இழுத்தாள். எல்லாவற்றையும்விட மோசம், பிரதிக்குப் பிரதி எடுத்தால் மெல்லிய கோடெல்லாம் கரைந்துவிடும். மூன்றாம் பிரதியில் நாக்கு இல்லை. நாலாம் பிரதியில் முகமே இல்லை, வெறும் வெள்ளை. இரண்டாவது வருஷம் லோகோவைப் புதுப்பித்தபோது முகத்தை அழுத்தமான கோட்டில் மறுபடி வரைந்தாள். மேலும் பன்னிரண்டு படம். முதலாளி, நல்லாத்தானே இருக்கு, எதற்கு மெனக்கெடுகிறாய் என்றார். மெனக்கெட்டாள்.

காரணம் இருந்தது. அந்த வருஷம் கேசட்டுகள் வெளிநாட்டுக்குப் போக ஆரம்பித்தன. பெட்டிகளின் மேல் ஒட்டுகிற விலாசச் சீட்டுகளில் ஒருநாள் அந்த நாட்டின் பெயரைப் பார்த்தாள். தபால்தலையில் பார்த்த அதே பெயர். அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அங்கே ஒரு வாடகைக் கடை இருக்கும். சின்னவள் ஏதாவது ஒரு சனிக்கிழமை படம் எடுத்து வருவாள். கேசட்டைப் போடுவாள். காலுறை சரிந்த ஒரு பெண் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டு தாண்டுவாள். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிடும். ஒருத்தி தன்னை நினைத்துக்கொண்டே இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வாள். எழுதி அனுப்ப முடியாத கடிதத்தை ஊரறிய அனுப்புகிறோம் என்று அவளுக்குப் பட்டது. ஒவ்வொரு பெட்டி போகும்போதும் மனசு கொஞ்ச தூரம் கூடவே போய்விட்டுத் திரும்பி வரும்.

மூன்றாவது லோகோவில் கீபோர்டு இசை வந்தது. கயிறு தட்டுகிற சத்தம் அடியில் அமுங்கிப் போனது, மூச்சு வாங்குவது மட்டும் காது வைத்துக் கேட்டால் கேட்கும். நாலாவதற்கு முன் முதலாளி படுத்த படுக்கையானார், அவருடைய மகள் கம்பெனியைப் பார்க்க வந்தாள். கெட்டிக்காரப் பெண், மரியாதையும் தெரிந்தவள். எல்லாக் கம்பெனியும் கம்ப்யூட்டரில் தகதகவென்று உலோக எழுத்தைப் பறக்கவிடுகிறது, நாம் மட்டும் இன்னும் பாவாடைப் பிள்ளையைக் காட்டிக்கொண்டிருக்கிறோம் அக்கா என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. கோட்டக்கா நாற்பது வயதுக்கு மேல் மவுஸைப் பிடித்துப் பழகினாள். ஆரம்பத்தில் அது கைக்குள் நிற்காமல் சோப்புக்கட்டி மாதிரி நழுவியது. வளையம் வெள்ளியாயிற்று. வெளிச்சம் அதில் ஓடியது. பெண் இருக்க வேண்டும் என்று மன்றாடினாள். முதலாளியின் மகள் இரங்கி, சரி, நிழலாக இருக்கட்டும் என்றாள். நிழலுக்கு நாக்கு கிடையாது. காலுறை மட்டும் மிஞ்சியது, அதுவும் தெரிந்தவர்களுக்கு.

அந்தச் சமயம் அப்பா போய்ச் சேர்ந்தார். இனிக் கேட்பதற்கு ஆளில்லை. தங்கையைத் தேடுவதற்கும் தடையில்லை. அன்றிலிருந்து நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தாள். தேடிக் கண்டுபிடித்தால் என்ன சொல்வது? முதல் வாக்கியம் கிடைக்கவில்லை. தினமும் ஒன்பது விநாடி பேசிவிடுகிறோமே என்று மனசு தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டது. முதலாளியின் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நாட்டில் கேசட்டுகளை வாங்குகிற வியாபாரி நாலு இடத்தில் விசாரித்திருப்பார். சொல்லவில்லை.

கேசட் போய் டிஸ்க் வந்தது. லோகோவை ஐந்து விநாடிக்குள் முடிக்கச் சொன்னார்கள். ஜனங்களுக்குப் பொறுமை இல்லையாம். வளையம் மட்டும் சுழன்று வந்து நின்றது. பெண் இல்லை, நிழலும் இல்லை. கயிறு எதனால் சுழல்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அதையும் கோட்டக்காதான் செய்தாள். நன்றாகவே செய்தாள். அந்த வாரம் வீட்டில் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை, பசிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள். பிறகு டிஸ்க்கும் போயிற்று. கம்பெனியை மூடினார்கள். பிரதி எடுத்த அறையில் ஒருவர் டயர் கடை வைத்தார்.

அவளுக்கு அறுபத்தொரு வயது ஆனபோது ஒரு பல் டாக்டர் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். நாற்பது வயசுக்காரர். பழைய கேமராக்காரரிடம் விலாசம் வாங்கியிருந்தார். பழைய வீடியோ லோகோக்களைச் சேகரிப்பது தன் பொழுதுபோக்கு என்றார். இப்படிப்பட்டவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்களாம். எந்த வருஷம் எந்த லோகோ வந்தது, எதில் இசை மாறியது, எதில் நிறம் மாறியது என்று பட்டியல் போட்டு இணையத்தில் சண்டை போட்டுக்கொள்வார்களாம். அவளுடையவற்றுக்குக் கயிறு ஒன்று, கயிறு இரண்டு என்று பெயரே வைத்திருந்தார்கள். கோட்டக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வேகமாக ஓட்டிவிட்டுப் படம் பார்க்கிற சமாச்சாரத்துக்கு இவ்வளவு பாடா?

"சின்ன வயசுல எனக்கு இதைப் பார்த்தா குலை நடுங்கும்மா," என்றார் டாக்டர். "எங்க வீட்ல இருந்த கேசட்ல அந்தப் பொண்ணுக்கு மூஞ்சியே கிடையாது. நாற்காலிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவேன்."

பிரதிக்குப் பிரதி எடுத்த கேசட்டாக இருக்கும் என்றாள் அவள். அதை இப்போதுதான் தெரிந்துகொண்டதாகச் சொன்னார் அவர். மூலக் கேசட் ஒன்று கிடைத்து, அதைச் சுத்தம் செய்து பார்த்தபோது, நாற்பதாவது வயதில் முதன்முதலாக அந்த முகத்தைப் பார்த்தாராம். லேப்டாப்பைத் திறந்து காட்டினார். மைக்கோடு அப்படியே இருந்தது. நாக்கு நுனி இருந்தது. கயிறு தட்டுகிற சத்தமும் மூச்சும் கேட்டன. அவள் மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தாள்.

யாரைப் பார்த்து வரைந்தீர்கள் என்று அவர் கேமராவை வைத்துக்கொண்டு கேட்டார். முப்பத்து நாலு வருஷம் யாரிடமும் சொல்லாததை அவள் அந்த முன்பின் தெரியாத மனுஷரிடம் சொன்னாள். அது என் தங்கை, கல்யாணத்துக்கு என்னைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டாள், நான் போகவில்லை என்றாள். டாக்டர் கேமராவை நிறுத்திவிட்டு, இதைப் போடலாமா அம்மா என்று கேட்டார். போடுங்கள் என்றாள்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. எண் நீளமாக இருந்தது.

"அக்கா. நான்தான்."

கோட்டக்கா கையில் பிடித்திருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டே நின்றாள். சின்னவளின் குரல் தடித்திருந்தது. வீட்டுக்காரர் இணையத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பேட்டி கண்ணில் பட்டதாகவும், அவர்தான் கூப்பிட்டுக் காட்டி, டாக்டரிடம் நம்பர் வாங்கியதாகவும் சொன்னாள். அந்த லோகோவை முன்னாலேயே பார்த்திருக்கிறாயா என்று இவள் கேட்டாள். அத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த கேள்வி அது.

இல்லை என்றாள் சின்னவள். அங்கே வாடகைக் கடையில் இருந்ததெல்லாம் கள்ளப் பிரதிதான். கடைக்காரன் முன்னால் இருப்பதை வெட்டிவிட்டுத் தன் கடைப் பெயரையும் போன் நம்பரையும் போட்டுவிடுவான். "அவன் நம்பர் இன்னும் எனக்கு மனப்பாடம்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பழைய சிரிப்புதான். கோட்டக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். அத்தனை பெட்டியும் போய், ஒன்றுகூடச் சேரவில்லை.

"இப்ப பார்த்தேன்," என்றாள் சின்னவள். "பொண்ணு யாரோ மாதிரிதான் இருக்கா. ஆனா மூச்சு வாங்குது பாரு, அது நீதான்னு தெரிஞ்சுடுச்சு. என்னைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறுவியே, அப்படியேதான் வாங்கும்."

பிறகு சின்னவள் கேட்டாள்.

"அன்னிக்கு ஏன்க்கா வரல?"

"அப்பா வேலைக்குத்தானேன்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பயம்."

"நாலு மணி வரைக்கும் படிக்கட்டுல நின்னேன். ஆபீஸ் பூட்டப் போறோம்னாங்க. அப்புறம் அங்க வேலை செய்ற ஒரு ஆளு போட்டாரு கையெழுத்து. அவர் பேருகூட எனக்குத் தெரியாது."

கோட்டக்கா டம்ளரைத் தரையில் வைத்தாள். சின்னவள் விடவில்லை.

"படம் வரைஞ்ச, சரி. ஊருக்கெல்லாம் காட்டின. எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"விலாசம் இல்லடி."

"தேடினியா?"

அதற்கும் பதில் இருந்தது. சொல்வதற்கு நேரமாயிற்று. "இல்ல," என்றாள்.

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தாள். அறுபடவில்லை. கடைசியில் சின்னவள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே நேரத்துக்குக் கூப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை. ஆனால் கூப்பிட்டாள். அதற்கு அடுத்த ஞாயிறும் கூப்பிட்டாள். முதலில் கேள்வியும் பதிலுமாக இருந்தது. போகப்போக இரத்த அழுத்தம், மூட்டுவலி, பக்கத்து வீட்டு நாய் என்று பேச்சு தரையில் இறங்கியது. சில ஞாயிறு பழையது பொங்கிவிடும், சின்னவள் பாதியில் வைத்துவிடுவாள். இவள் அடுத்த வாரம் வரை தரையில் போட்ட மீனாகக் கிடப்பாள்.

சின்னவளுக்கு முட்டியில் அறுவை ஆகியிருந்தது, நெடும்பயணம் முடியாது. நீ வா என்றாள். கோட்டக்கா வாழ்நாளில் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அறுபத்திரண்டாவது வயதில் பாஸ்போர்ட் எடுத்தாள். பல் டாக்டர் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார், போகும் முன் ஒரு சொத்தைப் பல்லையும் எடுத்துவிட்டார்.

அங்கே விமான நிலையத்தில் ஒரு பருத்த அம்மாள், முடியைக் குட்டையாக வெட்டிச் சாயம் பூசியவள், ஊன்றுகோலோடு நின்றிருந்தாள். பக்கத்தில் வழுக்கைத் தலையோடு மெக்கானிக். அவர்தான் முதலில் கையை ஆட்டினார். கோட்டக்கா அந்த அம்மாளைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள், சின்னவள் எங்கே என்று. அது ஒரு கணம்தான். ஆனால் அந்த ஒரு கணம் மூன்று வாரமும் அவளை விடவில்லை.

மெக்கானிக் அவளை வாசலிலேயே, உட்காருங்கள் அண்ணி என்றுதான் வரவேற்றார். அண்ணி இல்லை, முறை தப்பு என்று சின்னவள் திருத்தினாள். முறை பார்த்தா நம்ம கல்யாணம் நடந்துச்சு என்றார் அவர். மூவரும் சிரித்தார்கள். வீடு நன்றாக இருந்தது. பழுது பார்க்க வந்த இரண்டு ஃப்ரிட்ஜ் இன்னும் கூடத்தில் நின்றன. சின்னவள் அவளுக்குக் கம்பளிச் சட்டை வாங்கித் தந்தாள், மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தாள், உப்பு அதிகம் என்று அவள் சமையலை ஒதுக்கி வைத்தாள். எல்லாம் கிடைத்துவிட்டது. இருந்தும் கோட்டக்காவின் கண் தேடிக்கொண்டே இருந்தது. எதிரே உட்கார்ந்திருக்கிறவளிடமே இன்னொருத்தியை எப்படிக் கேட்பது? அந்த இருபது வயதுக்காரி எங்கேயும் இல்லை. அவள் போனது கடல் தாண்டி இல்லை போலிருக்கிறது.

சின்னவளுக்கும் அப்படி ஏதோ இருந்திருக்க வேண்டும். ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே, "நீ எவ்வளவு அமைதியா இருப்ப. இப்ப வாய் மூட மாட்டேங்குறியே" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கத்தி கொஞ்ச நேரம் நின்றிருந்தது.

ஊருக்குப் புறப்பட நாலு நாள் இருக்கும்போது, அளவு சரியில்லாத ஒரு ஜோடி ஷூவை மாற்றிக்கொண்டு வரலாம் என்று அக்காவும் தங்கையும் பஸ்ஸில் கடைத்தெருவுக்குப் போனார்கள். மாற்றினார்கள். தேநீர் குடித்தார்கள். அளவு இப்போது சரியா என்று சின்னவள் நடு நடைபாதையில் குனிந்து அக்காவின் கால் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தாள். முட்டி வலித்தது, எழுந்திருக்க இவள்தான் கை கொடுத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. வெயில் ஜன்னல் வழியாக மடியில் விழுந்தது. சின்னவள் இரண்டு நிறுத்தம் வரை ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், பேச்சு நடுவில் அறுந்தது. தலை சரிந்து அக்காவின் தோளில் விழுந்தது. கனமாக இருந்தது. சாயம் போன இடத்தில் நரை தெரிந்தது. மூச்சு நெஞ்சுக்குள் மெதுவாக ஏறி இறங்கியது.

இறங்க வேண்டிய இடம் கோட்டக்காவுக்கு அடையாளம் தெரியும். மூலையில் மஞ்சள் பலகை போட்ட மருந்துக்கடை. அது வந்தது. பஸ் நின்றது, கதவு திறந்தது. ஒரு கிழவர் பையைத் தூக்கிக்கொண்டு நிதானமாக இறங்கினார். இறங்கவில்லையா என்பதுபோல் டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். இவள் இல்லை என்று தலையை மட்டும் லேசாக ஆட்டினாள், தோள் அசையாமல். கதவு மூடிக்கொண்டது. பஸ் அவள் இதுவரை பார்த்திராத தெருவுக்குள் திரும்பியது.